15 ஜிபி யாருக்கு?

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனம் போன்ற ஊர்களில் மின்னஞ்சல் முகவரி கடிதம் எழுதுவதற்காகத் தொடங்கப்படுவது அரிது. புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலிகளை இறக்கிக்கொள்ளவோ, நீட் தேர்வு, பொறியியல் கலந்தாய்வு, டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு ஆகியவற்றின் விண்ணப்பங்களில் கேட்கப்படுவதாலோதான் அது தொடங்கப்படுகிறது. எப்போதாவது திறக்கப்படும் அந்தக் கணக்குக்கும் கூகுள் 15 ஜிபி இடம் ஒதுக்குகிறது. கடிதங்களுக்கு அவ்வளவு இடம் வேண்டுமா என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

கணினிச் சேமிப்பை அளக்கும் அலகு பைட் எனப்படும். இணையத்தில் பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியீட்டு முறையில், ஆங்கில எழுத்தொன்று 1 பைட்டில் அடங்க, ‘வ’ 3 பைட்டும், குறியோ புள்ளியோ ஏறிய ‘தி’, ‘ப்’ போன்றவை 6 பைட்டும் கொள்வதால், ‘திருப்புலிவனம்’ என்னும் பெயர் மட்டுமே 42 பைட் ஆகிறது; வழியில் சிதையாதிருக்க அதனைப் பேஸ்64 என்னும் முறைக்கு மாற்றி அனுப்பினால் 56 பைட். தமிழுக்குச் செலவு கூடுதல்தான். ஆயினும், இந்தக் கட்டுரையளவு நீண்ட கடிதமொன்றை, அனுப்பியவர், வந்த வழி முதலியவற்றைக் குறிக்கும் தலைவரிகளோடு சேர்த்து 25 கேபி என்று கொண்டால், நாள்தோறும் 100 கடிதங்கள் வந்தாலும் 15 ஜிபி நிரம்ப 16 ஆண்டுகள் ஆகும்.

சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று தொடங்கிய ஹாட்மெயில் என்னும் மின்னஞ்சல் சேவை தந்தது 2 எம்பி மட்டுமே; ஆகவே பழையதை அழித்தால்தான் புதியது வரும் என்பதே அன்றைய நிலை. 2004 ஏப்ரல் 1 அன்று கூகுளின் ஜிமெயில் 1 ஜிபி தருவதாக அறிவித்தபோது, அதை முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் எண்ணினர். அழிக்க வேண்டாம், தேடி எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் கொள்கை; கடிதங்கள் சேரச் சேர வாடிக்கையாளர் வேறிடம் போகமாட்டார், விளம்பரமும் நிலைக்கும் என்னும் வணிகக் கணக்கும் அதிலுண்டு. வைப்புத்தொகை முழுவதையும் வங்கி ரொக்கமாகப் பெட்டியில் வைத்திருப்பதில்லை. அதுபோல, பெரும்பாலோர் தமக்குரிய இடத்தை நிரப்பமாட்டார்கள் என்பதால் தாராளமாக வாக்குறுதி தருவதில் நிறுவனத்துக்கு இழப்பு அதிகமில்லை.

அப்படியானால் ‘இடம் நிரம்பிவிட்டது’ என்னும் எச்சரிக்கை ஏன் வருகிறது? 2013இல் கூகுள் இந்த 15 ஜிபியை அஞ்சல், கோப்புகள், படங்கள் மூன்றுக்கும் பொதுவாக்கியது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் படங்களெல்லாம் கணக்கில் சேர்ந்தன. பின்னர் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் உரையாடல்களின் காப்புப் பிரதியும் சேர்ந்துகொண்டது. கைப்பேசிப் படம் ஒன்று 4 எம்பி என்றால், அது மேற்சொன்ன கடிதங்கள் 160க்குச் சமம். காதுகுத்து விழாக் காணொளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழி சுமத்தப்படும் விளம்பர அஞ்சல்களோ பெரும்பாலும் அற்ப இடமே கொள்கின்றன. அவற்றிலுள்ள படங்கள் அனுப்பியவரின் கணினியிலேயே இருந்து, திறக்கும்போது மட்டும் காட்டப்படுகின்றன.

கேடு விளைவது கடிதத்துக்குத்தான். இடம் நிரம்பினால் புதிய அஞ்சல் உள்ளே வராமல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும் என்பதால், யாரோ அனுப்பிய காலை வணக்கப் படங்கள் ஒரு மாணவரின் தேர்வு அறிவிப்பைத் தடுத்துவிடக்கூடும். வரம்பைத் தாண்டிய நிலை 2 ஆண்டுகள் நீடித்தால் உள்ளிருப்பவற்றை அழிக்கவும் நிறுவனத்தின் விதிகள் இடமளிக்கின்றன.

புகைப்பட நிலையத்தாருக்கும், வழக்குக் கட்டுகளை வருடிப் படமாக்கி அனுப்பும் வழக்கறிஞருக்கும் பேரிடம் தேவைதான். ஆனால் விண்ணப்பதாரருக்கு வேண்டிய சான்றுகளோ கேபி அளவிலேயே அடங்குபவை. 2015இல் இந்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கர்கூட ஒருவர் தாமே ஏற்றும் ஆவணங்களுக்கு 1 ஜிபி மட்டுமே தருகிறது. படங்களின் காப்புப் பிரதிக்குத் தனிக் கணக்கொன்றைத் தொடங்கி, விண்ணப்பங்களில் தரும் முகவரியைக் கடிதத்துக்கென்றே வைத்துக்கொண்டால், ஜிமெயில் தொடக்கத்தில் தந்த 1 ஜிபியே இத்தகையோருக்குப் பல்லாண்டு போதும்.