ஒத்தவையும் ஒன்றானவையும்

1990ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலகா நகருக்குச் சென்றுகொண்டிருந்த பயணியர் விமானம் ஒன்று 17,000 அடி உயரத்தைக் கடந்திருந்தது. அப்போது தலைமை விமானியின் எதிரே இருந்த கண்ணாடி திடீரெனப் பெயர்ந்து பறந்தது. அவருடைய உடலின் மேற்பாதி வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவருடைய கால்களை இறுகப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டன் நிலையத்தில் விமானத்தை இறக்கினார். தலைமை விமானி உட்பட அனைவரும் உயிர் பிழைத்தனர்.

அக்கண்ணாடி ஏறத்தாழ ஒரு நாளுக்கு முன்னர்தான் புதிதாகப் பொருத்தப்பட்டது. அதை இறுக்கிப் பிடித்த 90 திருகாணிகளுள் 84 திருகாணிகளின் விட்டம் உரிய அளவைவிட 0.66 மில்லிமீட்டர் குறைவு என்பதை விசாரணை கண்டறிந்தது. பாகப் பட்டியலைப் பாராமல், கழற்றிய பழைய ஆணியோடு கண்ணளவாக ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அவை. அவை உரியவற்றை ஒத்திருந்தன. ஆனால் அவையே அல்ல.

தொழிற்சாலைகளில் இதற்கு நேர்மாறான குறை உண்டு. அங்கே ஒன்றேயான பொருள் பல எண்களோடும் பல பெயர்களோடும் பல அடுக்குகளில் கிடக்கும். ஒரு வடிவமைப்பாளர் ‘வளையம்’ என்று பதிந்ததை மற்றொருவர் ‘வாஷர்’ என்றும், வேறொருவர் ‘இடைத்தகடு’ என்றும் பதிந்திருப்பார். மூன்றாமவர் தம் எந்திரத்துக்கு அதே பொருளைத் தேடும்போது பெயர் தெரியாத காரணத்தால் அது அகப்படுவதில்லை. தேடிக் களைப்பதைவிடப் புதிதாக வரைவது எளிது. கணினியில் அதற்குச் சில நிமிடங்களே போதும். அச்சில நிமிடங்களின் விளைவோ நீண்டது. புதிய எண் ஒன்று பிறந்தால் அதற்கென ஒரு வரைபடம், ஒரு சோதனை, சில வேளைகளில் ஓர் அச்சு, கிடங்கில் ஓர் இடம், எந்திரம் உழைக்கும் காலமெல்லாம் இருப்பில் வைக்க வேண்டிய உதிரிகள் ஆகிய அனைத்தும் பிறக்கின்றன. இரு நிறுவனங்கள் ஒன்றாக இணையும்போது இச்சுமை மேலும் பெருகும்.

இக்குறை கணினியால் வந்ததன்று. ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் பல பணிமனைகளின் திருகாணிகளைத் திரட்டி ஆராய்ந்தார். ஒரு பணிமனையின் ஆணி இன்னொன்றின் மரையில் பொருந்தாத நிலையைக் கண்டு, 1841இல் எல்லாருக்கும் பொதுவான புரி அளவுகளை முன்மொழிந்தார். அவர் வகுத்த புரியின் கோணம் 55 பாகை. 1864இல் அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ் வகுத்ததோ 60 பாகை. இரு நாடுகளும் தனித்தனியே ஒழுங்குபட்டன, ஒன்றோடொன்று ஒழுங்குபடவில்லை. இரண்டாம் உலகப் போரில் அதன் தொல்லையை அனுபவித்த பின்னரே, 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் ஒரே புரிக்கு உடன்பட்டன.

திருகாணிக்கு அளவுப்பட்டியல் போதும். நெம்புகோல், பிராக்கெட், உறை போன்ற எண்ணற்ற வடிவங்களுக்கு அது போதாது. ஜெர்மனியின் ஆக்கன் நகரில் பேராசிரியர் ஓப்பிட்ஸ் 1960களில் ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார். ஒரு பாகம் உருளை வடிவினதா அல்லவா, துளைகள் உள்ளனவா, பற்கள் உள்ளனவா என்பனவற்றை ஐந்து இலக்கங்களில் அடக்கியது அம்முறை. ஆனால் ஒவ்வொரு வரைபடத்தையும் ஒருவர் பார்த்து எண் இட வேண்டும். ஒரே பாகத்துக்கு இருவர் இருவேறு எண் இடவும் கூடும்.

பெயரையும் எண்ணையும் விடுத்து வடிவத்தையே தேடுபொருளாகக் கொண்டால் என்ன? முப்பரிமாண மாதிரிகள் கணினியில் குவிந்த பின் இவ்வினா செயலுக்கு வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட வழிமுறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. பொருளின் மேற்பரப்பில் ஏதேனும் இரு புள்ளிகளைக் கணினி தேர்ந்து, அவற்றின் இடைத்தொலைவை அளக்கிறது. இதையே பல்லாயிரம் முறை செய்து, எந்தத் தொலைவு எத்தனை முறை வந்தது என்பதை ஒரு வளைகோடாக வரைகிறது. மெல்லிய கம்பியில் குறுகிய தொலைவுகளே மிகுதியாக வரும். ஆகவே கோடு இறங்கிச் செல்லும். கோளத்தின் மேற்பரப்பிலோ நெடிய தொலைவுகளே மிகுதி. கோடு ஏறிச் செல்லும். இவ்வாறே ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு கோடு உண்டு. பொருளைத் திருப்பினாலும் கவிழ்த்தாலும் கோடு மாறாது. இரு கோடுகள் நெருங்கியிருந்தால் வடிவங்களும் நெருங்கியிருக்கக்கூடும் எனக் கணினி காட்டும்.

‘கூடும்’ என்னும் சொல் இங்கு இன்றியமையாதது. வலக்கையும் இடக்கையும் ஒன்றன் ஆடி உருவம் மற்றொன்று. அத்தகைய இரு பாகங்களில் புள்ளிகளின் இடைத்தொலைவுகள் ஒன்றே ஆதலால் கோடும் ஒன்றே. மிதிவண்டியின் இடப்பக்க மிதிகட்டை எதிர்ப்புறமாகத் திருகப்படுவது என்பதை அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். மேலும், வரைபவர்கள் புரியைப் பெரும்பாலும் செதுக்கிக் காட்டுவதில்லை. வெறும் உருளையாக வரைந்து, புரியைக் குறிப்பாக எழுதிவிடுவர். வடிவத்தை மட்டும் நோக்கும் மென்பொருளுக்கு அக்குறிப்பு கண்ணில் படாது. உலோகமும் அவ்வாறே. தலையில் 4.8 எனப் பொறித்த ஆணியும் 8.8 எனப் பொறித்த ஆணியும் வடிவில் ஒன்றே. பின்னது ஏறத்தாழ இருமடங்கு இழுவிசையைத் தாங்கவல்லது.

ஒப்புமை எது என்பதையே முதலில் மனிதர்தாம் வரையறுக்க வேண்டியிருந்தது. இத்தகைய மென்பொருள்களைச் சோதிப்பதற்காக அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 867 பொறியியல் மாதிரிகளைத் தொகுத்து, எவை எவற்றோடு சேர்வன என வகைப்படுத்தினர். கணினியின் விடை சரியா என்பதை அவ்வகைப்பாட்டைக் கொண்டே அளந்தனர்.

ஆகவே தரப்படுத்தும் பணியில் மென்பொருளின் பங்கு, பெருங்குவியலிலிருந்து ஐயத்துக்குரிய சிறு கூட்டங்களைப் பிரித்துத் தருவதோடு முடிகிறது. அதன் பின் பொறியாளர் ஒவ்வோர் இணையையும் வரைபடத்தோடு பார்க்கிறார்: உலோகம் எது, அளவில் எவ்வளவு பிழை பொறுக்கத்தக்கது, மேற்பூச்சு என்ன, எந்த எந்திரத்தில் எவ்விசையைத் தாங்குகிறது. எல்லாம் பொருந்தினால் ஒன்றை நிறுத்தி மற்றொன்றை விலக்குவார். வலிமை மிக்கதை நிறுத்துவதே பெரும்பாலும் சரி. ஆனால் மிகு சுமையில் தான் உடைந்து எந்திரத்தைக் காப்பதற்கென்றே மென்மையாக அமைக்கப்படும் ஊசிகளும் உள்ளன. அவ்விடத்தில் வலியதை வைப்பது எந்திரத்தையே உடைக்கும்.

விலக்கப்பட்ட எண் அழிக்கப்படுவதில்லை. புதிய வடிவமைப்பில் அதைப் பயன்படுத்தலாகாது என்னும் தடையும், அதற்குப் பதிலாக எதைக் கொள்ள வேண்டும் என்னும் குறிப்பும் அதன் அருகே பதியப்படும். இருபது ஆண்டுகளுக்கு முன் விற்ற எந்திரம் பழுதுபட்டு நிற்கும்போது, அதன் பழைய ஏட்டில் உள்ள எண்ணைக் கொண்டுதான் பழுது நீக்குபவர் கிடங்கின் வாயிலில் வந்து கேட்பார்.