அப்போகலிப்ஸ்: அழிவா, திரை விலகலா?

வெள்ளமோ, போரோ, கொள்ளைநோயோ நேரும்போதெல்லாம் ஆங்கில ஏடுகள் கையாளும் சொல் 'அப்போகலிப்ஸ்'. நம் நாளிதழ்கள் அதனைப் 'பேரழிவு' என்றோ 'உலக முடிவு' என்றோ பெயர்க்கின்றன. ஆனால் மூலச்சொல்லுக்கு அழிவு என்னும் பொருளே இல்லை. கிரேக்க மொழியில் 'அப்போ' என்பது அகற்றுதலையும், 'கலுப்தெயின்' என்பது மூடுதலையும் குறிக்கும். மூடியிருப்பதை விலக்கிக் காட்டுவதே 'அப்போகலிப்ஸிஸ்'. புதிய ஏற்பாட்டின் இறுதி நூல் இச்சொல்லோடுதான் தொடங்குகிறது. தமிழில் அந்நூல் கத்தோலிக்கரிடையே 'திருவெளிப்பாடு' என்றும், சீர்திருத்தச் சபையினரிடையே 'வெளிப்படுத்தின விசேஷம்' என்றும் வழங்குவது மூலப்பொருளுக்கு இயைந்ததே. அந்நூல் விரிக்கும் அழிவுக் காட்சிகளே பிற்காலத்தில் சொல்லின் பொருளாகிவிட்டன.

நாம் வழங்கும் 'கியாமத்' என்னும் சொல்லும் அழிவைச் சுட்டுவதன்று. எழுதல், நிற்றல் எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது அது. தொழுகையின் நிலையாகிய 'கியாம்' என்பதற்கும் அதுவே வேர். இறைவன் முன் மாந்தர் எழுந்து நிற்கும் நாள் என்பதே கருத்து. திருமறையின் 75ஆம் அத்தியாயம் இப்பெயரையே தாங்கியுள்ளது. 50ஆம் அத்தியாயமோ, அந்நாளில் மனிதனின் திரை அகற்றப்பட்டுப் பார்வை கூர்மையாகும் என உணர்த்துகிறது. கிரேக்கச் சொல்லின் கருத்தும் திருமறையின் கருத்தும் இங்கே அருகருகே வந்து நிற்கின்றன.

தமிழின் 'ஊழி' முதலில் நெடிய காலத்தையும் பின்னர் அதன் முடிவையும் குறித்தது. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா'வில் மறுமை பற்றிய வினாக்கள் தமிழ்ச் செய்யுளில் விடை பெற்றன.

திரை விலகுதலுக்குக் கொங்கு மண்ணிலும் சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் நோய் வாட்டியது. நகரில் இன்றும் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்த அச்சத்தின் நினைவுச் சின்னங்கள். ஊர் அழியவில்லை, அதன் நெரிசலும் சுகாதாரக் குறைவும் வெளிப்பட்டன. பின்னர் நகரம் விரிந்தது, சிறுவாணி நீர் வந்தது. நகராட்சித் தலைவராயிருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயரை ஆர்.எஸ்.புரம் இன்றும் தாங்கி நிற்கிறது.

ஒவ்வோர் இடரையும் 'கியாமத் வந்துவிட்டது' எனக் கூறிக் கைகட்டி நிற்போர் உளர். இறுதி வேளையே வந்தாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு அண்ணல் நபி (ஸல்) அறிவுறுத்தியதாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. சொல்லின் பொருளைத் தவறவிடுவோர் அக்கன்றையும் கைநழுவ விடுவர்.