சிம் கார்டு காக்கும் ரகசியம்

போன மாதம் பஸ்ஸில் என் போன் தொலைந்துவிட்டது. மறுநாளே கடையில் அடையாள அட்டையைக் காட்டிப் புது சிம் வாங்கினேன். எண் மட்டும் பழையதுதான். அக்கா மகள் விடவில்லை: "மாமா, உங்க நம்பர் பழைய சிம்முக்குள்ளதானே இருந்துச்சு? புதுசுக்கு எப்படி வந்துச்சு?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது! நம் போன் எண்ணைப் பொறுப்பாக வைத்திருப்பது சிம் அல்ல, சிம் தந்த நிறுவனத்தின் கணினி. ஒவ்வொரு சிம்முக்கும் தனியாக 15 இலக்க அடையாள எண் உண்டு. இந்திய சிம் என்றால் அது 404 அல்லது 405 என்று தொடங்கும். அதற்கு நேரே நம் பத்து இலக்க எண்ணை நிறுவனம் குறித்து வைத்திருக்கிறது. சிம் தொலைந்தால், புது சிம்முக்கு நேரே அதே எண்ணை எழுதிவிடுவார்கள்.

அப்படியானால் சிம்முக்கு என்ன வேலை? வீட்டில் சும்மா கிடக்கும் பழைய சிம் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு மூலை வெட்டியிருக்கும். திருப்பிச் செருகிவிடக் கூடாதே, அதற்காக. முதுகில் இன்னொரு நீளமான எண் இருக்கும். அதில் முதலில் வரும் 89 தொலைத்தொடர்பையும், அடுத்த 91 இந்தியாவையும் குறிக்கும். பொன்னிறத் தகட்டுக்கு அடியில் இருக்கும் சில்லு ஒரு குட்டிக் கணினியேதான். மின்சாரத்தைப் போனிடம் வாங்கிக்கொள்ளும்.

அந்தச் சில்லுக்குள் ஒரு ரகசிய எண் பூட்டிக் கிடக்கிறது. அது நிறுவனத்துக்கும் தெரியும். போனை இயக்கியதும், 'நீ நம்ம ஆள்தானா?' என்று அங்கிருந்து கேள்வி வரும். ரகசியத்தையே காற்றில் அனுப்பினால் யாராவது பிடித்துவிடுவார்களே! அதனால் கேள்வியாக ஒரு எண் வரும். சில்லு அதை ரகசியத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் அனுப்பும்.

இதை நானும் அக்கா மகளும் விளையாடிப் பார்த்தோம். எங்கள் ரகசிய எண் 7. நான் "12" என்று கூவினேன். அவள் மனதுக்குள் ஏழால் பெருக்கி, 84-இன் கடைசி இலக்கத்தை மட்டும் சொன்னாள்: "4!" அவளுக்கு ரகசியம் தெரியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் 7 என்ற சொல்லை இருவருமே வாய் திறந்து சொல்லவில்லை. அடுத்த முறை வேறு எண் கூவுவேன். பழைய விடையை ஒட்டுக்கேட்டவருக்கு அது உதவாது. எங்கள் கணக்கை நாலு தடவை கேட்டால் கண்டுபிடித்துவிடலாம். சிம் போடும் கணக்கு அப்படி எளிதில் சிக்காது.

1991-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தயாராகி பின்லாந்துக்குப் போன முதல் சிம்கள் ஏடிஎம் கார்டு அளவு இருந்தன. இன்றைய நானோ சிம்மின் நீளம் 12.3 மில்லிமீட்டர்தான். இ-சிம் வந்தபின் தனி அட்டையே வேண்டாம். சில்லு போனுக்குள்ளேயே பதிந்திருக்கும். ரகசியமும் கேள்வி-பதிலும் மட்டும் மாறவில்லை.

சரி, இப்போது நான் "38" என்று கூவுகிறேன். அவள் என்ன சொல்லவேண்டும்?