கஞ்சா விதைக்குள் என்ன இருக்கிறது?

அசோக் பில்லர் பக்கம் காலை நடைக்கு வருகிறவர்களின் வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் ரோஜாவுக்கு அடுத்து வருவது வைத்தியம்தான். அந்த வரிசையில் இப்போது கஞ்சா எண்ணெயும் சேர்ந்துவிட்டது. புற்றுநோய் கரையும், சர்க்கரை இறங்கும், சித்தர்களே சொன்னது என்று போகும். கடைசியில் வாங்குவதற்கு ஒரு லிங்க். சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டு என்பது உண்மை. நம் மருந்து விதிகள் அதை நச்சுச் சரக்குப் பட்டியலில் வைத்து, மருத்துவரின் மேற்பார்வை வேண்டும் என்பதும் உண்மை. இரண்டாவதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். சிலவற்றில் வெறும் விதை எண்ணெய் என்றுதான் இருக்கும். மருந்துச் சரக்கு விதையில் உருவாவதே இல்லை. பெண் பூவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், அதைப் பொதிந்த சிற்றிலைகள் மேல் காம்பும் குடையுமாகப் பிசின் சுரப்பிகள் மின்னும். போதை தரும் டிஹெச்சி, போதை தராத சிபிடி இரண்டுக்கும் மூலமான அமிலங்கள் அங்கேதான் தயாராகின்றன. சூடு பட்டால்தான் அவை டிஹெச்சியாகவும் சிபிடியாகவும் மாறும். விதைக்குள் இருப்பது புரதமும் கொழுப்பும். தோலில் கொஞ்சம் பிசின் ஒட்டியிருக்கலாம். அதனால்தான் 2021இல் விதை எண்ணெயை உணவாக அனுமதித்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கிலோவுக்கு 10 மில்லிகிராம் டிஹெச்சிக்கு மேல் கூடாது என்றது. சாலட்டில் ஊற்றிச் சாப்பிடலாம். கட்டி கரையாது.

அந்தச் சூட்டுக் கணக்கு தெரியாமல் ஒரு கூத்தும் நடந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கஞ்சாவின் இரண்டு அமிலங்கள் கொரோனா கிருமியைச் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுப்பதை ஆய்வகத்தில் கண்டார்கள். சமூக வலைத்தளங்களில் அது 'கஞ்சா புகைத்தால் கொரோனா அண்டாது' என்றானது. பற்றவைத்தால் அந்த அமிலங்கள் மாறிப்போகும் என்பதை யார் யோசித்தார்கள்!

நிஜமான சிபிடி மருந்தும் இருக்கிறது. 2018இல் லெனாக்ஸ்-காஸ்டோ, ட்ராவே எனும் கொடிய வலிப்பு நோய்களுக்கு அமெரிக்கா அதை அனுமதித்தது. 20 கிலோ குழந்தைக்கு வழக்கமான அளவே நாளொன்றுக்கு 200 மில்லிகிராம். கல்லீரல் பரிசோதனையும் கட்டாயம். வலிப்புக்கு நம்மூரிலும் எழுதித் தரும் குளோபசாம் மாத்திரையின் மிச்சத்தை உடைக்கும் கல்லீரல் நொதியை சிபிடி முடக்குகிறது. மிச்சம் ரத்தத்தில் ஏறி, ஆளைத் தூக்கத்தில் அமுக்கும். இது சொட்டுக் கணக்கில் விளையாடும் சமாச்சாரமில்லை. 2017இல் அமெரிக்க ஆய்வொன்று, இணையத்தில் விற்ற 84 சிபிடி சரக்குகளைச் சோதித்தது. லேபிளில் சொன்ன அளவு இருந்தது 31 சதவீதத்தில்தான், 18 சரக்குகளில் டிஹெச்சியும் இருந்தது.

புற்றுநோயைத் தீர்க்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டில் யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதிலும் வலிப்புக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், டாக்டரிடம் காட்டாமல் அந்த பாட்டிலைத் திறக்க வேண்டாம்.