படிப்பா, ஓட்டமா? இரண்டும்தான்!

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி இது. "ஓட்டம் சோறு போடுமா?" என்றார் அப்பா. கோலகங்சாரில் பிறந்த டாக்டர் மணி ஜெகதீசனைச் சொன்னேன். சிங்கப்பூரில் மருத்துவம் படித்தபடியே 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 3 தங்கம் வென்ற 'பறக்கும் டாக்டர்' அவர்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான தகுதிப் புள்ளியில் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு உண்டு. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலையே பட்டப்படிப்பாகப் படிக்கலாம்.

மாணவ நண்பர்களே, கல்லூரியில் திடல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். மாலை வகுப்புகள் பயிற்சி நேரத்தில் வருமா? போட்டி நாளில் தேர்வு வந்தால் மறுவாய்ப்பு உண்டா? சேருமுன் கேளுங்கள். நானும் கேட்டேன். பதில் தெரிந்த பிறகுதான் அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்.