பெருங்களத்தூரில் பிறந்த இரு கார்கள்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டை நோக்கி ரயிலில் செல்லும்போது வரிசையாக வரும் பெருங்களத்தூர், வண்டலூர் என்னும் ஊர்களுக்கு, மோட்டார்க் கார்களைப் பெற்றளித்த ஒரு சரித்திரம் உண்டு. 1948-இல் சென்னையில் ஸ்தாபிக்கப்பட்டு, இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் துணையோடு இப்பகுதியில் தொழிற்சாலை நடத்திவந்த நிறுவனத்தின் வாகனங்களுள், ஏறக்குறையக் கால் நூற்றாண்டு இடைவெளியில் தோன்றிய இரண்டை அருகருகே நிறுத்திப் பார்த்தால், ஒரு காருக்குப் பெருமை தருவது எது என்பது நன்கு விளங்கும்.

முன்னது, 1961-இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோத்தி தீட்டிய அழகிய உருவம்; உள்ளே 948 சி.சி. அளவே கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். தகடுகளையெல்லாம் பற்றவைத்து உடல் முழுவதையும் ஒரே கூடாக்கும் முறை பரவிவந்த அக்காலத்தில், ஹெரால்டோ தனிச் சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்ட பகுதிகளால் ஆனது. ஆகவே நசுங்கிய பகுதியை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துதல் எளிது. பானெட்டானது மட்கார்டுகளையும் உடன்கொண்டு முன்னோக்கிச் சாய, எஞ்சினும் முன்சக்கரங்களும் மெக்கானிக்கின் கைக்குத் தடையின்றி எட்டும். முன்சக்கரங்கள் மிகுதியும் திரும்புவதால், 25 அடி விட்டத்துக்குள்ளேயே வண்டி வட்டமிட்டுவிடும். குறுகிய தெருவில் ஓட்டுகிறவருக்கு இதைவிட வேறென்ன உபகாரம் வேண்டும்? பிற்பாடு நம் நாட்டுக் குடும்பங்களுக்கு ஏற்ப நான்கு கதவுகளும் பெற்றது.

பின்னது, 1985-இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000. இதன் மூலமாகிய ரோவர் எஸ்.டி.1, இங்கிலாந்தில் 1976-இல் தோன்றி, மறு ஆண்டுக்குரிய சிறந்த ஐரோப்பியக் கார் என்னும் விருதைப் பெற்றது. அமெரிக்காவின் பியூக் கம்பெனி அலுமினியத்தில் சமைத்துப் பின்னர் கைவிட்ட வி-8 எஞ்சினை, ரோவர் உரிமை பெற்று வளர்த்து, 3,528 சி.சி. அளவில் அதற்குப் பொருத்தியிருந்தது. இவ்வகை எஞ்சினில், விரித்து உயர்த்திய இரு கைகளைப்போல், பக்கத்துக்கு நான்காக எட்டுச் சிலிண்டர்கள் சாய்ந்து நின்று ஒரே கிராங்குத் தண்டைச் சுழற்றும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் தண்டு அரைச் சுற்றுச் சுற்றினால்தான் அடுத்த உந்தல் கிடைக்கும். இதிலோ கால் சுற்றுக்கு ஓர் உந்தல். ஆதலால் சக்தி ஆற்றொழுக்காகப் பெருகும். 1964-இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. முதலாக அமெரிக்கர் கொண்டாடிய மசில் கார்களின் ரகசியமும், நடுத்தர உடலுக்குள் பெரிய வி-8 எஞ்சினை அமைத்ததே.

பெருங்களத்தூரில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. ரோவரின் அந்தக் கம்பீரமான உடலுக்குள், 1940-களில் பிறந்த வான்கார்டு காரின் வழிவந்த 1,991 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின் வைக்கப்பட்டது. மூலக் காரின் சக்தி 155 குதிரைத்திறன். இதன் சக்தியோ அதில் ஏறக்குறையப் பாதியே. ஹெரால்டைவிடப் பன்மடங்கு ஆடம்பரமான அவ்வாகனம் வேகத்தில் தன் மூலக் காருக்குப் பின்தங்கிற்று. பெட்ரோலையோ மிகுதியாகக் குடித்தது. 1983 முதல் மாருதி சிக்கனத்தை மக்களுக்குப் பழக்கியிருந்த வேளையில் இது தழைக்கவில்லை. 1988-இல் உற்பத்தியே நின்றது.

ஹெரால்டு சிறியதுதான், ஆயினும் உடலும் எஞ்சினும் ஓட வேண்டிய தெருவும் அதனிடத்தில் ஒன்றையொன்று அறிந்திருந்தன. அந்தப் பொருத்தத்தினாலேயே, பழங்கார்களைப் பேணுவோர் அதன் பானெட்டை இன்றும் ஆசையோடு சாய்த்துத் திறக்கின்றனர்.