மின்சாரச் சிக்கனம் வீட்டுக்கு வருமானம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"சிறு துளி பெருவெள்ளம்" என்பது நாம் சிறு வகுப்பிலேயே கற்ற பழமொழி. தண்ணீருக்கும் காசுக்கும் பொருந்தும் இப்பழமொழி மின்சாரத்துக்கும் பொருந்தும். அரிசியைப் படியால் அளந்து உலையில் இடுகிறோம். எண்ணெயைப் பார்த்துப் பார்த்து ஊற்றுகிறோம். ஆனால் மின்சாரத்தை மட்டும் இரண்டு மாதம் தாராளமாகச் செலவழித்துவிட்டுக் கட்டணம் வந்த பிறகே அளந்து பார்க்கிறோம். அப்போது அப்பாவின் புருவம் உயர்கிறது. அம்மாவின் முகம் வாடுகிறது. "யார் இவ்வளவு விளக்குப் போட்டது?" என்ற கேள்வி வீடெங்கும் எழுகிறது. கண்ணுக்குத் தெரியாத பொருளை எப்படி அளப்பது, எப்படி மிச்சப்படுத்துவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மத்தேயு நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். முன்மதியுள்ள ஐவரும் எண்ணெய் தீர்ந்துவிடும் என்று அஞ்சி விளக்கே ஏற்றாமல் இருட்டில் இருந்தவர்கள் அல்லர். வேண்டிய வேளையில் விளக்கு எரியும்படி முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர்கள். சிக்கனம் என்பதும் அதுவே. தேவையை வெட்டுவது கருமித்தனம். வீணை வெட்டுவது சிக்கனம். இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

நமது மோகனூர் காவிரிக் கரையில் அமைந்த ஊர். இங்கு வரும் காவிரி, வழியிலேயே நமக்காகப் பாடுபட்டுவிட்டு வருகிறது. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அங்கே 1937ஆம் ஆண்டு முதல் நீர்மின் உற்பத்தி நடைபெறுகிறது. அணைக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் கதவணைகள் கட்டி, அதே நீரைக் கொண்டு மீண்டும் மீண்டும் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் ஆற்றில் ஆண்டு முழுவதும் ஒரே அளவு நீர் ஓடுவதில்லை. ஆகவே மேட்டூரில் 1987ஆம் ஆண்டு முதல் நிலக்கரியால் இயங்கும் அனல் மின் நிலையமும் செயல்பட்டு வருகிறது.

அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து, நீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் சுழலியைச் சுற்றுகிறார்கள். எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி வெப்பமாகவே வெளியேறிவிடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிய வேண்டும். அந்த நிலக்கரியும் வெளி மாநிலங்களிலிருந்து வர வேண்டும். ஆகவே ஆளில்லாத அறையில் சுற்றும் விசிறியை நாம் நிறுத்தும்போது, நம் வீட்டுப் பணத்தோடு எங்கோ ஒரு சுரங்கத்து நிலக்கரியும் மிச்சமாகிறது. புகையும் குறைகிறது.

யூனிட் என்றால் என்ன?

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் 'மின்னோட்டவியல்' என்று ஒரு பாடம் உண்டு. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பாடம் என்றே பலரும் அதை எண்ணுகிறோம். உண்மையில் அது வீட்டுக் கணக்குப் பாடமும் ஆகும். 1000 வாட் திறனுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாவது ஒரு யூனிட். ஆகவே கருவியின் வாட்டை அது இயங்கும் மணி நேரத்தால் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும். வாட் எவ்வளவு என்பது கருவியின் மேலேயே எழுதியிருக்கும்.

எடுத்துக்காட்டாக, பழைய வகை மின்விசிறி ஒன்றின் திறன் ஏறத்தாழ 75 வாட். அது நாளொன்றுக்கு 10 மணி நேரம் சுற்றினால் 0.75 யூனிட். கட்டணம் கணக்கிடும் 60 நாளைக்கு 45 யூனிட். இப்படி வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி எழுதிப் பார்த்தால், மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்பது உள்ளங்கை நெல்லிக்கனி போல் விளங்கிவிடும்.

ஐந்நூறு என்னும் எல்லைக்கோடு

தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு மே மாதத்தில், வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு அறிவித்தது. அதற்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்குக் கட்டணம் படிக்கட்டு போல் ஏறிச் செல்லும். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அதன்படி 500 யூனிட்டுக்குள் செலவு செய்தவர்களுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. ஆக, 500 யூனிட்டுக்கு 225 + 900 + 600 = 1725 ரூபாய்.

500 யூனிட்டைத் தாண்டிவிட்டாலோ கணக்கே மாறிவிடும்! 101 முதல் 400 வரை முழுவதற்கும் ரூ.4.50. பிறகு 500 வரை ரூ.6. அதற்கு மேல் 600 வரை ரூ.8. 510 யூனிட் செலவு செய்த வீட்டுக்கு 1350 + 600 + 80 = 2030 ரூபாய். பத்தே பத்து யூனிட்டுக்காக 305 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதாவது அந்தப் பத்து யூனிட்டில் ஒவ்வொன்றின் விலையும் முப்பது ரூபாய்க்கு மேல்! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நாங்கள் வியந்துபோனோம்.

2022க்குப் பிறகும் கட்டணம் உயர்ந்திருக்கிறது. ஆகவே அவரவர் வீட்டு ரசீதில் உள்ள எண்களை வைத்தே கணக்கிட வேண்டும். ஆனால் பாடம் ஒன்றுதான்: எல்லா யூனிட்டும் ஒரே விலை அன்று. கடைசியாக ஏறும் யூனிட்தான் மிக விலை உயர்ந்தது. நாம் மிச்சம் பிடிப்பதும் அந்தக் கடைசி யூனிட்டைத்தான். ஆகவே சிறு மிச்சமும் பெரும் பயன் தரும்.

யார் விளக்கை அணைப்பது?

இங்கே ஒரு செய்தியை நாம் மனம் திறந்து கூற வேண்டும். கட்டணம் கூடிவிட்டது என்றவுடன் பல வீடுகளில் முதலில் அணைக்கப்படுவது எது? படித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் விளக்கு. அடுத்து நிறுத்தப்படுவது எது? கூடத்து மூலையில் படுத்திருக்கும் பாட்டியின் விசிறி. "இவ்வளவு நேரம் என்ன படிப்பு? படுத்துத் தூங்கு" என்ற சொல்லைக் கேளாத தோழியர் நம்முள் குறைவு. இது சரியான இடத்தில் செய்யும் சிக்கனம்தானா என்று கணக்கைக் கேட்போம்.

9 வாட் எல்.இ.டி. விளக்கின் கீழ் ஒரு மாணவி நாள்தோறும் 3 மணி நேரம் படித்தால், 60 நாளைக்கு ஆகும் செலவு 1.62 யூனிட். இரண்டு யூனிட்டுக்கும் குறைவு! வெந்நீர் வைக்கும் 1500 வாட் கம்பிச் சுருள் நாளொன்றுக்கு அரை மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் 60 நாளைக்கு 45 யூனிட். திண்ணையில் 60 வாட் குண்டு பல்பு இரவு 10 மணி நேரம் எரிந்தால் 36 யூனிட். யாரும் பார்க்காத தொலைக்காட்சியோடு இணைந்த செட்டாப் பாக்ஸ் 10 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், சும்மா இருக்கும் 20 மணி நேரத்தில் மட்டும் 60 நாளைக்கு 12 யூனிட். அதாவது, பார்வையாளர் இல்லாத அந்தப் பெட்டி விழுங்குவதில் ஏழில் ஒரு பங்கைக்கூட நம் படிப்பு விளக்கு எடுப்பதில்லை.

பாட்டியின் விசிறி இரவு 8 மணி நேரம் சுற்றினால் 60 நாளைக்கு 36 யூனிட் ஆவது உண்மைதான். ஆனால் கோடையில் சேலம், நாமக்கல் சமவெளியின் வெக்கையை நாம் அறிவோம். வயதானவர்களுக்குக் காற்று ஆடம்பரம் அன்று, அது உடல்நலம். அங்கே விசிறியை நிறுத்துவது வழியன்று. விசிறியை மாற்றுவதே வழி. இப்போது கிடைக்கும் பி.எல்.டி.சி. வகை மின்விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. 36 யூனிட் 14.4 யூனிட்டாகக் குறையும். பாட்டியும் நிம்மதியாகத் தூங்குவார்; மீட்டரும் மெதுவாக ஓடும்.

செய்ய வேண்டியவை

முதலில் காசு செலவில்லாதவற்றைச் செய்வோம்.

1. அறையை விட்டு வெளியேறும் கடைசி ஆள் விளக்கையும் விசிறியையும் நிறுத்த வேண்டும். தொலைக்காட்சியை ரிமோட்டால் மட்டும் அணைக்காமல் சுவரிலுள்ள சுவிட்சையும் அணைக்க வேண்டும். செல்பேசிச் சார்ஜரையும் அவ்வாறே.

2. துணிகளைத் தினம் ஒன்றாக இஸ்திரி போடாமல், வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமாகப் போடலாம். இஸ்திரிப் பெட்டி ஒவ்வொரு முறையும் புதிதாகச் சூடாக வேண்டிய செலவு மிஞ்சும். கடைசித் துணிக்குச் சற்று முன்பே சுவிட்சை அணைத்தால் இருக்கும் சூட்டிலேயே அது முடிந்துவிடும்.

3. பிரிஜ்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. அதன் பின்புறம் காற்றோட்டம் வேண்டும். சூடான குழம்பை ஆறவைத்தே உள்ளே வைக்க வேண்டும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் எளிதில் உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். உள்ளிருக்கும் குளிர்ச்சி அவ்வழியே வெளியேறும். பெட்டி ஓயாமல் ஓடும்.

4. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் வரை மோட்டாரை ஓடவிடக் கூடாது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். நாளுக்குப் பத்து நிமிடம் வீணாக ஓடினாலும் 60 நாளைக்கு ஏழு யூனிட்டுக்கு மேல் போய்விடும். தண்ணீரும் வீண்.

5. மொட்டை மாடியில் அண்டாவில் தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால், மாலைக் குளியலுக்கு வெயிலே வெந்நீர் தந்துவிடும். கம்பிச் சுருளைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமானால், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். யூனிட்டை விட உயிர் பெரிது.

6. குளிர்சாதனம் உள்ள வீடுகளில் அதை 24 பாகைக்குக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு பாகை உயர்த்துவதற்கும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் நிறுவனத்தின் கணக்கு.

அடுத்து, சிறிது செலவு செய்து பெரிது மிச்சப்படுத்தும் வழிகள். குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் எல்.இ.டி. விளக்கைப் போட்டால், திண்ணை விளக்கின் 36 யூனிட் 5.4 யூனிட்டாகிவிடும். பழைய குழல் விளக்கு சோக்குடன் சேர்ந்து ஏறத்தாழ 50 வாட் எடுக்கும், எல்.இ.டி. குழல் விளக்கு 20 வாட்டோடு நின்றுவிடும். புதிய விசிறியோ பிரிஜ்ஜோ வாங்கும்போது அதில் ஒட்டியுள்ள நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். நட்சத்திரம் கூடக் கூட மின்சாரம் குறைவாகச் செலவாகும் என்று பொருள். விலை சற்று அதிகம் என்று தயங்குவோர், அந்தக் கூடுதல் விலையை ஒரு ரசீதில் மிஞ்சும் தொகையால் வகுத்துப் பார்க்கட்டும். எத்தனை ரசீதில் போட்ட பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. அதிக நேரம் இயங்கும் விசிறியை முதலில் மாற்றுவதே அறிவுடைமை.

மாணவியரின் பங்கு

"சம்பாதிக்காத நாம் வீட்டுக்கு என்ன செய்ய முடியும்?" என்று தோழியரே, நீங்கள் கேட்கலாம். மீட்டரைப் படிக்கும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்ளலாம். மீட்டரில் எண்கள் மாறி மாறித் தோன்றும். அவற்றுள் கே.டபிள்யூ.எச். என்று காட்டுவதே யூனிட் கணக்கு. ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் அந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இந்த வார எண்ணிலிருந்து சென்ற வார எண்ணைக் கழித்தால் வாரச் செலவு வந்துவிடும். 500 யூனிட்டை 60 நாளுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு ஏறத்தாழ 58 யூனிட். ஒரு வாரம் 65 ஆகிவிட்டால், அடுத்த வாரமே எச்சரிக்கையாகிவிடலாம். ரசீது வந்த பின் ஒருவரையொருவர் குறை கூறிக்கொள்வதால் பயனில்லை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் அல்லவா?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், படைப்பைக் காக்க ஒவ்வொருவரும் அன்றாடம் செய்யக்கூடிய சிறு செயல்களைப் பட்டியலிடுகிறார். தேவையற்ற விளக்குகளை அணைப்பதும் அவற்றுள் ஒன்று. 'தேவையற்ற' என்ற சொல்லை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தளித்த ஆண்டவர் எவரையும் பட்டினியாக அனுப்பவில்லை. எல்லாரும் வயிறார உண்ட பிறகே மிஞ்சிய துண்டுகளை வீணாகாமல் சேர்க்கச் சொன்னார். முதலில் அனைவருக்கும் நிறைவு; பிறகு ஒன்றும் வீணாகாமை. வீட்டு மின்சாரத்துக்கும் இதுவே முறை.

ஆகவே பெற்றோர்களே, கட்டணத்தைக் கண்டு கவலையுறும்போது உங்கள் மகளின் படிப்பு விளக்கை அணைக்காதீர்கள். அவளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, வீட்டு மின்கணக்கை ஒப்படையுங்கள். வீண் எங்கே இருக்கிறது என்று அவளே கண்டுபிடித்துச் சொல்வாள். தோழியரே, நாம் கற்ற கணக்கும் அறிவியலும் நம் வீட்டுக்கு முதலில் பயன்படட்டும். வீணை ஒழிப்போம்! வேண்டிய விளக்கை ஏற்றுவோம்!